வாந்திபேதி கண்ட ஊரில் கேட்க வேண்டிய கேள்வி

ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களிலே கூழ் வார்ப்பது நம் கிராமங்களின் நெடுநாளைய வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன், நமது ஒன்றியத்தைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை கூழ் வார்த்த மறுநாட் காலையில் ஏழெட்டுப் பேர் வாந்திபேதியால் துன்புறுவதாகச் செய்தி எட்டிற்று. சுகாதார ஆய்வாளரை அழைத்துக்கொண்டு உடனே புறப்பட்டோம். கோயில் வாசலிலே ஊர் கூடியிருந்தது. வாய் திறந்தவர் அனைவரும் கூழையே சொன்னார்கள். நாமும் அதையே நம்பினோம். மிஞ்சிய கூழைப் புட்டியில் அடைத்தோம். கூழ் காய்ச்சிய பெண்மணி இன்னாரென்று கேட்டுப் பெயரைக் குறித்துக்கொண்டோம். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றச் செய்தோம். விழாக் குழுவினரைச் சற்றுக் கடிந்துகொண்டு திரும்பினோம்.

செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாகவே அன்றிரவு எண்ணினோம். மறுநாள் நோயாளிகளின் தொகை கூடிற்று. மூன்றாம் நாள் விடியுமுன் நான்கு வயதுக் குழந்தை ஒன்று இறந்துபோயிற்று. அந்த வீட்டு வாசலில் நாம் நின்றிருந்தபோது, அண்டை வீட்டு மூதாட்டி ஒருவர் நம்மை நோக்கி, "கூழை ஊரே குடிச்சுதுங்க ஐயா. எங்க தெருவுல மட்டும் ஏன் வந்துது?" என்று கேட்டார்.

அம் மூதாட்டி எழுத்தறியாதவர். பட்டம் பெற்ற நமக்கும், பயிற்சி பெற்ற நம் துணைவர்களுக்கும் இரண்டு நாட்களாகத் தோன்றாத கேள்வி அது. கொள்ளைநோய் இயல் என்று இன்று பல்கலைக் கழகங்களில் கற்பிக்கப்படும் பெரிய சாஸ்திரத்தின் அஸ்திவாரமே அக் கேள்விதான் என்பதை, பின்னர் நூல்களைப் புரட்டியபோது அறிந்தோம். மருத்துவர் ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்து, இவருக்கு வந்துள்ளது என்ன நோய் என்று ஆராய்கிறார். கொள்ளைநோய் இயலோ ஊரின் நாடியைப் பிடிக்கிறது. யாருக்கு வந்தது, எங்கே வந்தது, எப்பொழுது வந்தது என்று கேட்கிறது. அத்தோடு நில்லாமல், யாருக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்றும் கேட்கிறது. இப் பிற்பாதிக் கேள்வியைத்தான் நம்மில் பெரும்பாலோர் மறந்துவிடுகிறோம்.

அதை மறவாத ஒருவரின் வரலாற்றை நம் ஊராட்சித் தலைவர்களும் உறுப்பினர்களும் அறிந்திருப்பது நலம். இங்கிலாந்து தேசத்து யார்க் நகரில் 1813ஆம் ஆண்டில் ஒரு கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் ஜான் ஸ்நோ. லண்டனில் மருத்துவராயிருந்தார். அக் காலத்தில் காலரா நோய் கெட்ட காற்றினால் வருகிறது என்பதே பெரிய மருத்துவர்களின் கொள்கை. சாக்கடை நாற்றமும் குப்பை நாற்றமும் நோயைச் சுமந்து வருகின்றன என்று அவர்கள் கருதினர். ஸ்நோ அதனை ஏற்கவில்லை. காற்றினால் வரும் நோயென்றால் முதலில் நெஞ்சையன்றோ தாக்க வேண்டும்? இது வயிற்றைத் தாக்குகிறது. ஆகவே வாய்வழியாக, அதிலும் பெரும்பாலும் நீரின் வழியாகவே உட்செல்கிறது என்று 1849இல் ஒரு சிறு நூல் எழுதினார். அதை மதித்தவர் சிலரே.

1854 ஆகஸ்டு 31ஆம் நாள் இரவு, லண்டனில் சோஹோ என்னும் பகுதியில் பிராடு தெருவைச் சுற்றிக் காலரா வெடித்தது. பத்து நாட்களுக்குள் சுமார் 500 பேர் மாண்டனர். ஸ்நோ இறப்புப் பதிவு அலுவலகத்துக்குச் சென்று, அவ் வாரக் கடைசியில் பதிவான 83 இறப்புகளின் பட்டியலை வாங்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். அநேகமாக எல்லா வீடுகளும் பிராடு தெருவில் இருந்த அடிகுழாய்க்கு அருகிலேயே இருந்தன. வேறு குழாய்க்கு அருகில் இருந்த வீடுகளில் பத்து இறப்புகளே நேர்ந்திருந்தன. அவற்றையும் அவர் விடவில்லை. விசாரித்ததில், ஐந்து குடும்பத்தார் தாம் எப்பொழுதும் பிராடு தெருக் குழாய்க்கே ஆளனுப்பி நீர் கொணர்வதாகக் கூறினர். இன்னும் மூன்று பேர், அந்தக் குழாய்க்கு அருகிலிருந்த பள்ளியில் பயின்ற குழந்தைகள்.

இதுவரை செய்தது எவரும் செய்யக்கூடியதுதான். நோயாளிகளைத் தேடிச் சென்றார், அவ்வளவே. அடுத்து அவர் நோய் வராதவர்களைத் தேடிச் சென்றார். அருகிலேயே 535 பேர் தங்கியிருந்த ஏழையர் விடுதி ஒன்று இருந்தது. சுற்றிலும் வீடுதோறும் சாவு விழுந்துகொண்டிருக்க, அங்கே ஐவர் மட்டுமே இறந்தனர். காரணம், விடுதிக்குள் தனிக் கிணறு இருந்தது. பிராடு தெருவிலேயே ஒரு மதுவடிசாலை இருந்தது. எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர்; ஒருவரும் சாகவில்லை. அவர்களுக்கு நாள்தோறும் பீர் கிடைத்து வந்ததால் தெருக் குழாயை நாடவேயில்லை என்று உரிமையாளர் சொன்னார். (மதுவுக்கு இதனால் ஏதும் பெருமை சேர்ந்துவிட்டதாக யாரும் கொள்ள வேண்டாம். அவர்களைக் காத்தது குடித்த பொருளன்று, குடியாத பொருளே.) மறுபுறம், பல மைல் தொலைவில் ஹாம்ஸ்டெட் என்ற இடத்தில், காலராவே இல்லாத சுற்றுப்புறத்தில், ஒரு கைம்பெண் காலராவால் இறந்தார். முன்பு பிராடு தெருவில் குடியிருந்த அவ்வம்மையாருக்கு அந்தக் குழாய் நீரின் சுவை பிடித்துப்போனதால், தினந்தோறும் வண்டியில் ஒரு புட்டி வரவழைத்துக் குடித்து வந்தாராம். கெட்ட காற்று ஹாம்ஸ்டெட்டுக்கு வண்டி ஏறிச் செல்லாது அல்லவா?

செப்டம்பர் 7ஆம் நாள் மாலை ஸ்நோ இவ்விவரங்களை ஊர் நிர்வாகக் குழுவின் முன் வைத்தார். மறுநாளே அந்தக் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. கைப்பிடி கழன்றதும் நோய் நின்றது என்று கதையைச் சுருக்கிச் சொல்வோர் உண்டு. அது சரியன்று. மக்களிற் பெரும்பகுதியினர் ஊரைவிட்டு ஓடிவிட்டதால் நோய் முன்னரே தணியத் தொடங்கியிருந்தது என்பதை ஸ்நோவே எழுதியுள்ளார். தமக்குச் சாதகமான முடிவையும் இவ்வாறு சந்தேகிக்கும் நேர்மையே அவர் கணக்குகளுக்கு மதிப்பைத் தந்தது எனலாம். முடிவில் மாண்டோர் தொகை 616. அப் பகுதிப் பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட், ஸ்நோவின் கருத்தைப் பொய்யாக்கவே விசாரணை தொடங்கி, அதனை மெய்ப்பித்தவர். பிராடு தெரு 40ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தைக்குப் பேதி கண்டதையும், அதன் துணிகளை அலசிய நீரைத் தாய் வீட்டு முன்புறக் கழிவுக் குழியில் ஊற்றியதையும் அவர் கண்டறிந்தார். தோண்டிப் பார்த்தபோது அந்தக் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே மூன்றடிகூட இல்லை. குழியின் செங்கற் சுவரும் இற்றுப்போயிருந்தது.

காலராக் கிருமி இன்னதென்று ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி நம் நாட்டுக் கல்கத்தாவில் உறுதிப்படுத்தியது 1884இல். ஸ்நோ இறந்தது 1858இல். அதாவது, கிருமியைக் கண்ணால் காணாமலேயே அதன் வழியை அடைக்கும் முறையை ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்கும் நம் அலுவலகங்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

இனி, வீதம் என்னும் கணக்கிற்கு வருவோம். நோயாளிகளை எண்ணுவது எளிது. எத்தனை பேரில் அத்தனை நோயாளிகள் என்பதைக் கணக்கிடாவிட்டால், அந்த எண்ணிக்கை நம்மை ஏமாற்றிவிடும். 450 பேர் கொண்ட ஓர் ஊரைக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 36 பேருக்குப் பேதி. அவர்களில் 24 பேர் விருந்து உண்டவர்கள். மூன்றில் இரண்டு பங்கினர் விருந்து உண்டவர் என்றால், விருந்துதான் காரணம் என்று ஊர் சொல்லும். ஆனால் ஊரில் விருந்து உண்டவர் மொத்தம் 300 பேர். அவர்களில் 24 பேர் என்றால் நூற்றுக்கு 8. விருந்து உண்ணாதவர் 150 பேர். அவர்களில் மிச்சமுள்ள 12 பேருக்கு நோய். அதுவும் நூற்றுக்கு 8. உண்டவருக்கும் உண்ணாதவருக்கும் வேறுபாடே இல்லை. விருந்து குற்றமற்றது. அதே ஊரை இப்பொழுது குடிநீரின்படி பிரிப்போம். கீழைத் தெருக் குழாயில் பிடிப்பவர் 120 பேர், அவர்களில் 30 பேருக்கு நோய், நூற்றுக்கு 25. மற்றக் குழாய்களில் பிடிப்பவர் 330 பேர். அவர்களில் 6 பேருக்கு நோய். நூற்றுக்கு 2கூட இல்லை. எங்கே மண்வெட்டியைப் போடவேண்டும் என்பது இப்பொழுது தெரிகிறதல்லவா? நான்காம் வகுப்பு மாணவனும் போடக்கூடிய கணக்குத்தான். அதற்கு வேண்டிய எண்களைத் திரட்டத்தான் கால் வலிக்கும்.

ஸ்நோவும் இதே கணக்கைப் பெரிய அளவில் போட்டார். தென் லண்டனில் இரண்டு கம்பெனிகள் ஒரே தெருக்களில் குழாய் பதித்திருந்தன. ஒரு வீட்டிற்கு ஒரு கம்பெனி நீர். அடுத்த வீட்டிற்கு மற்றதன் நீர். லாம்பெத் கம்பெனி 1852இல் தன் நீரெடுக்கும் இடத்தைச் சாக்கடை கலவாத மேலாற்றுப் பகுதிக்கு மாற்றிக்கொண்டது. சவுத்வார்க்–வாக்ஸால் கம்பெனி நகரத்துக் கழிவு கலந்த இடத்திலேயே எடுத்து வந்தது. 1854இன் கொள்ளைநோயில் முதல் ஏழு வாரங்களுக்குள், பின்னதன் நீரைப் பெற்ற வீடுகளில் 10,000க்கு 315 இறப்புகள். முன்னதன் நீரைப் பெற்ற வீடுகளில் 10,000க்கு 37. காற்று ஒன்றே, தெரு ஒன்றே, செல்வரும் ஏழையரும் இரு பக்கத்திலும் கலந்தே இருந்தனர். நீர் மட்டுமே வேறு.

மூதாட்டியின் கேள்விக்குப் பின், நாமும் கால் வலிக்க நடக்கத் தொடங்கினோம். கிராம சுகாதாரச் செவிலியர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வீடுவாரியாக எழுதிக்கொண்டே வந்தார். யார், என்ன வயது, என்று கண்டது, எங்கே நீர் பிடிப்பது, கூழ் குடித்தாரா என்று ஐந்து கேள்விகளே. தெருவின் பாதிகூட முடியவில்லை. கூழின் மேல் நாம் சுமத்திய குற்றம் உடைந்துபோயிற்று. இருவருக்கு வெள்ளிக்கிழமை இரவே நோய் கண்டிருந்தது. கூழ் வார்த்தது ஞாயிற்றுக்கிழமை! காரணம் காரியத்திற்கு முன்னே நிற்க வேண்டும் என்பது தருக்கத்தின் அரிச்சுவடி. முதல் நாளிலேயே ஒருவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

தெருவின் நடுவே ஒரு வீட்டில் எட்டுப் பேர், ஒருவருக்கும் நோயில்லை. கூழ் குடித்தீர்களா என்றதற்கு, மூன்று குவளை குடித்ததாக அவ் வீட்டுப் பெரியவர் சொன்னார். நீர் எங்கே பிடிக்கிறீர்கள் என்றதும் முகம் சுளித்தார். குழாயடியில் பக்கத்து வீட்டாரோடு சண்டையாம். ஆறு மாதமாகப் பள்ளிக்கூடத்து அடிபம்பில்தான் நீர் எடுக்கிறார்களாம். லண்டன் மதுவடிசாலையைப் பற்றி அப்பொழுது நாம் படித்திருக்கவில்லை. ஆயினும் குழாயடிக்கு நேரே சென்றோம்.

அத் தெரு ஊரின் மேட்டுப்பகுதியில், குழாய்வரிசையின் கடைக்கோடியில் உள்ளது. நீர் மெல்லியதாகவே வரும். ஆகவே மக்கள் தரைக்குக் கீழே முழங்கால் ஆழத்திற்குப் பள்ளம் தோண்டி, குழாயை அறுத்து, பள்ளத்திற்குள் குடத்தை வைத்துப் பிடித்து வந்தனர். பள்ளத்தை ஒட்டிக் கழிவுநீர்க் கால்வாய். மழை பெய்தால் பள்ளம் நிரம்பும். தொட்டியின் வால்வை மூடியவுடன் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, பள்ளத்து நீரைக் குழாய் உறிஞ்சிக்கொள்ளும். மறுநாட் காலை முதலில் பிடிப்பவர் குடத்தில் அதுவே வந்து விழும். மேல்நிலைத் தொட்டியில் நாம் கொட்டிய குளோரின் அவ்வளவும் தொட்டிக்குக் கீழே உள்ள குழாய்களில் நன்றாகவே இருந்தது. கடைக்கோடிக் குழாயில் சோதித்தபோது துளியும் இல்லை. இன்னொரு பிழையையும் சொல்லிவிட வேண்டும். முதல் நாள் பவுடரைக் கொட்டிவிட்டு அதன் பிறகே தொட்டி நீரின் மாதிரியை எடுத்திருந்தோம். எவ்வளவு சிறந்த பரிசோதனைக் கூடமாயினும் அந்தப் புட்டியிலிருந்து எதைக் கண்டு சொல்ல முடியும்? மாதிரியை முதலிலும் மருந்தைப் பிறகுமாகச் செய்ய வேண்டும்.

பள்ளம் தோண்டியது மக்களின் குற்றம் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. தங்கள் தெருவுக்கு நீர் ஏறவில்லை என்று அவர்கள் இரண்டு கிராம சபைகளில் மனுக் கொடுத்திருந்தனர். அம் மனுக்கள் நமது அலுவலகக் கோப்பிலேயே இருந்தன.

நோய் வர மூன்று பொருள்கள் கூட வேண்டும் என்று சாஸ்திரம் கூறும். கிருமி ஒன்று; அதற்கு இடங்கொடுக்கும் மனிதன் ஒன்று; இருவரையும் சேர்த்துவைக்கும் சூழ்நிலை ஒன்று. சங்கிலியில் எந்தக் கண்ணியை அறுத்தாலும் போதும். பெரியம்மையில் மனிதன் என்ற கண்ணி அறுக்கப்பட்டது. நோயாளி இருக்குமிடத்தைத் தேடிப் பிடித்து, அவரைச் சுற்றியிருந்தோர்க்கெல்லாம் அம்மைப்பால் வைத்து, 1975இல் நம் நாட்டிலிருந்தே அதை விரட்டினார்கள். நரம்புச் சிலந்தி நோயில் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. காலில் கொப்புளத்தோடு ஒருவர் படிக்கிணற்றில் இறங்குவார். புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும். அவற்றை நுண்ணிய நீர்ப்பூச்சி விழுங்கும். அந் நீரைக் குடித்தவர் காலில் ஓராண்டு கழித்து நீண்ட புழு வெளிவரும். நீரைத் துணியால் வடிகட்டிக் குடிக்கச் செய்தும், படிக்கிணறுகளை இறைகிணறுகளாக மாற்றியும் அதனை ஒழித்தார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல் காணப்பட்டார். 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் நம் நாடு அந் நோய் நீங்கியதென்று சான்றளித்தது. ஒரு முழத் துணியும் ஒரு கைப்பிடிச் சுவருமே அங்கே ஆயுதங்கள்.

நாட்கணக்கைப் பற்றியும் ஒரு சொல். கிருமி உட்சென்ற நாளுக்கும் நோய் தோன்றும் நாளுக்கும் இடைப்பட்டதை நோயரும்பு காலம் என்பர். காலராவுக்கு அது சில மணி நேரம் முதல் ஐந்து நாட்கள் வரை. நச்சுக் காய்ச்சல் என்னும் டைபாய்டுக்கு ஒன்று முதல் மூன்று வாரங்கள். நீரினால் வரும் மஞ்சட் காமாலையின் ஒரு வகைக்குச் சராசரியாக 28 நாட்கள். காமாலை கண்ட ஊரில் நேற்றுக் குடித்த நீரைச் சோதித்துப் பயனில்லை. ஒரு மாதத்திற்கு முன் எந்தக் குழாய் உடைந்தது, எப்பொழுது ஒட்டினார்கள் என்று தொட்டி இயக்குபவரைக் கேட்க வேண்டும். கட்டமிட்ட தாள் ஒன்றில் நாட்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு நோயாளிக்கும் அந்தந்த நாளின்மேல் ஒரு புள்ளி வையுங்கள். ஒரே நாளில் குன்றுபோல் எழுந்து மறுநாளே சரிந்தால், ஒரு வேளை உணவோ ஒரு நாள் நீரோ காரணமாயிருக்கலாம். நாள்தோறும் புள்ளிகள் விழுந்துகொண்டே இருந்தால், ஊற்றுக்கண் இன்னும் திறந்தே இருக்கிறது என்று பொருள்.

குளோரின் இடுவதில் நாம் கண்ட குறைகள் பல. நல்ல பவுடராயின் 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் என்பது பொதுவான அளவு. வட்டக் கிணறாயின் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, 4ஆல் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். இரண்டரை மீட்டர் விட்டமும் நான்கு மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 19,600 லிட்டர்; அதற்கு 49 கிராம். வாளியில் களிபோல் குழைத்து, பின் நீர்விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டுமே கிணற்றில் சேர்க்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டலாகாது. ஒரு மணி நேரம் கழித்தே நீரெடுக்க வேண்டும். அப்பொழுது லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருந்தால் திருப்தி. நீர் கலங்கலாயிருந்தாலோ, பவுடர் பழையதாயிருந்தாலோ, மேலே சொன்ன அளவு போதாது. வாய் திறந்த மூட்டையை ஊராட்சி அலுவலகத்து மூலையில் மாதக்கணக்கில் போட்டுவைத்தால், மிஞ்சுவது வெறும் சுண்ணாம்பே; காரநெடிகூட இராது. சோதனையைத் தொட்டியடியிலே செய்து பதிவேட்டை நிரப்பும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். தெருக்கோடிக் குழாயில் 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்பதே நாம் அறிய வேண்டியது.

இவையெல்லாம் நடந்தேறுமுன் நோயாளியின் உயிர் போய்விடக் கூடாது. வாந்திபேதியில் கொல்வது கிருமியன்று. உடலின் நீரும் உப்பும் வற்றிப்போவதே. 1971இல் வங்க தேச அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன வேளையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் கரைத்து வைத்து, உறவினர்களைக் கொண்டே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதாயிருந்த இறப்பு, நான்கிற்கும் கீழே இறங்கிற்று. அப் பொட்டலம் இன்று ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் கிடைக்கிறது. பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவாகக் கரைப்பது தவறு. பொட்டலம் வரும்வரை, காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டரில் சர்க்கரை ஆறு சமதேக்கரண்டியும் உப்பு அரைத் தேக்கரண்டியும் கலந்து, சிறிது சிறிதாகக் கொடுத்து வரலாம். பேதியாகும் குழந்தைக்கு நீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று நிறுத்திவைக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் அறவே மறையவில்லை. இறந்துபோன குழந்தைக்கும் ஓர் இரவு முழுவதும் நீர் கொடுக்காமல் வைத்திருந்தார்களாம். முதல் நாளே அத் தெருவுக்கு நாம் சென்று பொட்டலங்களை வழங்கியிருந்தால் என்ற எண்ணம் இன்றும் நம்மை விட்டபாடில்லை. அன்று நாம் கோயில் வாசலில் கூழைப் புட்டியில் அடைத்துக்கொண்டிருந்தோம்.

அவ்வாரமே பள்ளங்களைத் தூர்த்தோம். நீர் ஏறுவதற்குத் தனி வால்வும் தனிக் குழாய்வரிசையும் அமைக்க நான்கு மாதங்களாயின. அதுவரை அத் தெருவிற்கு லாரியில் நீர் சென்றது. கூழ் காய்ச்சிய பெண்மணியின் வீட்டிற்கு ஊராட்சித் தலைவரோடு சென்று, குற்றம் அவருடையதன்று என்பதை ஊரார் முன்னிலையில் சொன்னோம். அதுவரை அவர் பத்து நாட்களாகத் தண்ணீருக்கும் வெளியே வரவில்லை என்று அங்கே கேள்வியுற்றோம்.

அடுத்த ஆடியில் அவரே கூழ் காய்ச்சினார். ஒரு குவளை வாங்கிக் குடித்துவிட்டு, சோதனைப் பெட்டியுடன் மேட்டுத் தெருக் கடைக்கோடிக் குழாய்க்குச் சென்றோம். கேள்வி கேட்ட மூதாட்டி தம் குடத்தை நகர்த்தி நமக்கு இடம் விட்டார். குளோரின் 0.2 மில்லிகிராம் இருந்தது.